மூன்று முறை வந்த ஒரே நிலை

எண்பதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். செக்‌ஷன் என்றால் இரண்டே பேர்தான். நானும், என்னைவிட நான்கைந்து வயது மூத்த ஒருவரும். அவர் செட்டிகுளத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். செஸ் நன்றாக ஆடுவார். மதிய இடைவேளைகளில் நான் ஒரு செஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அது எப்படி ஆடுகிறது என்று பார்க்க அவரைத்தான் உட்கார வைப்பேன். பெரும்பாலும் புரோகிராமே ஜெயித்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

திடீரென்று ஒரு விநோதம் தொடங்கியது. என் பக்கம் ராணியும் யானையும் கூடுதலாக இருக்கும். அவரிடம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம். ஆனால் அவர் ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்த, என் ராணியும் போன இடத்துக்கே போய்ப் போய் வரும். ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டம் டிரா. "டிராங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் கழுவப் போய்விடுவார். நான்கு ஆட்டங்கள் இப்படியே முடிந்தன.

வந்த நிலையே திரும்ப வருகிறதா என்று பார்த்து, வந்தால் அதை டிராவாக மதிப்பிட நானே வரிகள் எழுதியிருந்தேன். ஓட்டியும் பார்த்திருந்தேன். இப்போது புரோகிராம் இருந்த பிளாப்பியைப் போட்டுப் பார்த்தால் அந்த வரிகள் அப்படியே இருந்தன. அப்படியானால் ஆட்டத்தின்போது ஓடுவது வேறு பிரதியா? பிளாப்பிப் பெட்டியின் சாவி எங்கள் இருவரிடம் மட்டும்தான் இருந்தது. யாராவது மாற்றினால் தெரியட்டும் என்று பிளாப்பியின் உறையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாளும் புள்ளி இருந்தது. அப்போதும் மனம் ஆறவில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம் இதே யோசனை. ஆட்டம் முடிந்ததும் அவர் ஒரு நோட்டில் எதையோ எழுதி டிராயருக்குள் வைப்பதை வேறு பார்த்துவிட்டேன். என் புரோகிராமைத்தான் காப்பி எடுத்து மாற்றி வைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு நாள் அவர் மேனேஜர் கூப்பிட்ட கூட்டத்துக்குப் போயிருந்தபோது டிராயரைத் திறந்தேன். நோட்டில் நாங்கள் ஆடிய ஆட்டங்கள்தான் இருந்தன, ஒவ்வொரு நகர்த்தலும், தேதியோடு. புரோகிராமின் ஒரு வரிகூட இல்லை.

வெட்கத்தோடு பக்கங்களைப் புரட்டினேன். டிராவான நான்குமே நான் ஹாஷ் டேபிள் சேர்த்த பிறகு ஆடியவை. ஒருமுறை கணக்கிட்ட நிலையை மறுபடி கணக்கிடாமல் இருக்க, அதன் மதிப்பைக் குறித்து வைக்கும் அட்டவணை அது. வேகத்துக்காகச் சேர்த்தது. நோட்டைப் பார்த்துக் கடைசி ஆட்டத்தை மெஷினில் மறுபடி ஆடினேன். புரோகிராம் முதலில் அட்டவணையைப் பார்த்தது. அதில் அந்த நிலைக்கு நேரே வெற்றி என்று இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை வந்த நிலை என்பது அட்டவணைக்குத் தெரியாது. பதில் கிடைத்துவிட்டதால் என் வரிகள் வரை புரோகிராம் போகவே இல்லை. திரும்ப வந்த நிலையா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அட்டவணைக்குப் போகும்படி வரிசையை மாற்றினேன்.

நிமிர்ந்தால் அவர் எதிரே நின்றிருந்தார்.

"அது என் நோட்டுதானே?"

"ஆமா சார். நீங்க பிளாப்பிய மாத்துறீங்கன்னு நெனச்சிட்டேன். தப்புதான்."

நோட்டை எடுத்து மூடினார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல? ராஜாவ ஆட்டிக்கிட்டே இருந்தா அது மாட்டிக்கிதுன்னு ரெண்டாவது ஆட்டத்துலயே புரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?"

"தோத்துக்கிட்டே இருந்தேங்க. சொல்ல மனசு வரல."

மறுநாள் மதியம் ஆடினோம். இந்த முறை ராணி வந்த வழியே திரும்பவில்லை. அவர் ராஜா ஓரத்தில் மாட்டியது. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போனார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஆட்டம் தொடர்ந்தது என்றாலும், அவர் என்னிடம் பழையபடி பேச மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது.