பால்சுறா

தங்கச்சி பிறந்த மாதம், எங்கள் வீட்டு அடுப்பு பாதி நாள் சும்மா கிடந்தது. எழுபதுகளின் முற்பகுதி அது. கோதுமை மாவுக்கே தட்டுப்பாடு. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றியிருந்த கீரையெல்லாம் வழித்தெடுத்தாயிற்று. மரவள்ளிக் கிழங்கும் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியும்தான் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு அம்மா பாலுக்கு எங்கே போவாள்? தங்கச்சி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவாள். பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடப்பாள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால்சுறாக் கருவாடு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அப்பா லுணுகலை டவுனுக்கு நடந்தார். கருவாட்டுக் கடை முஸ்லிம் நானாவிடமும் சரக்கு இல்லை. அவர் உள்ளே போய், தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாராம். "புள்ள பெத்தவங்களுக்குத்தானே, கொண்டு போங்க" என்றாராம். இதை அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சொன்னார். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மறுநாள் காலை, "இது அம்மாவுக்கு மட்டுந்தான்" என்று என்னையும் தம்பியையும் பார்த்துச் சொல்லிவிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குப் போனார்.

அன்று பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கடலின் உணவுச் சங்கிலி பாடம். வகுப்பில் ஒருவரும் கடலைக் கண்டதில்லை. கண்ணுக்குத் தெரியாத செடிகள் கடல்நீரில் மிதக்குமாம். அவற்றைக் கூனி இறால் தின்னும், கூனியை நெத்தலி தின்னும், நெத்தலியைச் சுறா தின்னும். ஒரு படியில் தின்றதில் கொஞ்சம்தான் அடுத்த படிக்குப் போய்ச் சேரும், மிச்சமெல்லாம் அந்தந்த உயிர் நீந்தவும் பிழைத்துக் கிடக்கவுமே சரியாகிவிடும் என்றார் வாத்தியார். ஒரு சுறா பிழைக்க எத்தனை ஆயிரம் உயிர் போக வேண்டும் என்று நான் மலைத்துப் போனேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குழம்பை இறக்கியிருந்தாள். பந்திக்கு முந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பியும் நானும் அடுப்பருகில் போய் உட்கார்ந்தோம். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டுகளை எடுத்தாள்.

"எனக்கு இந்த வாடையே கொமட்டுது. நீங்க சாப்புடுங்க."

நம்பினேன். நம்பத்தான் எனக்கு விருப்பம். சாப்பிட்டுக்கொண்டே தம்பிக்குப் பாடம் வேறு நடத்தினேன். "இந்தா, சொறா போச்சு. அது தின்ன நெத்தலி போச்சு, கூனி போச்சு. கடலு முழுக்க இப்ப நம்ம வயித்துக்குள்ள!" அம்மா சிரித்தாள். "அப்பா கேட்டா நான்தான் சாப்புட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சட்டியில் மிஞ்சியிருந்த மிளகாய்த் தண்ணீரில் கிழங்கைத் தொட்டுத் தின்றாள். குமட்டவில்லை.

அந்த மாதம் முடியுமுன் தங்கச்சி செத்துப்போனாள். தேயிலைக்குள் ஒரு சின்னக் குழி போதுமானதாக இருந்தது. ஒரு துண்டுக் கருவாடு அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் இன்றும் அறுக்கிறது. அவளிடம் போய்ச் சேர வேண்டியதை நான் நடுவில் புகுந்து தின்றேன்.

"சொறாவத் தின்னும் பால் ஊறலியே. பழைய சரக்க தலையில கட்டிட்டான் பாவி" என்று அப்பா நானாவைத் திட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு அப்பா அந்தக் கடை வாசலை மிதிக்கவே இல்லை. ரோட்டில் நானாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்பா இறந்து சில மாதம் கழித்து, லுணுகலையில் பஸ்ஸுக்கு நின்ற என்னை நானா அடையாளம் கண்டுகொண்டார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"மகள், ஒங்கட அப்பாக்கு என்மேல என்ன கோவம்? கடைசி வரைக்கும் எனக்கு வெளங்கல்லியே."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க நானா. அவரு கொணமே அப்படித்தான்" என்றேன்.

செத்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.