பொட்டு வைத்த ட்ராம் மெஷின்

அந்த மெஷினை முதலில் பார்த்தபோது அதன் மேல் காக்கா உட்கார்ந்திருந்தது. முடிச்சூரில் அக்காவின் காயலாங்கடை வாசலில், ஆள் உயரத்துக்கு, உருண்டையாக, லாரியில் இருந்து இறக்கிய இடத்திலேயே கிடந்தது. அக்கா எனக்குச் சொந்தமில்லை, கடை முதலாளி. நான் அங்கே கேஸ் கட்டர் பிடிக்கிறவன். இரும்பைப் பார்த்தால் எங்கே வெட்டலாம் என்றுதான் எனக்குத் தோன்றும். உள்ளே காப்பர் நிறைய இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வெட்டச் சொல்லிவிட்டார் அக்கா.

தாம்பரத்தில் இருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தினமும் வந்தார். மெட்ராசில் ட்ராம் ஓடிய காலத்தில் அதற்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுத்த மெஷின், தனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் மிச்சம் என்றார். நான் பாடம் நடத்திய காலேஜில் இதை வைக்க இடம் கேட்டிருக்கிறேன், ஒரு மாசம் பொறுங்கள் என்று கெஞ்சினார்.

"ட்ராமே போயிட்ச்சி, மெஷின் இன்னாத்துக்கு சார்? கடைல நிக்க எடமில்லாம கீது" என்றார் அக்கா.

பூஜை அன்று காலையில் பொட்டு வைப்பது என் வேலை. தராசு, சிலிண்டர், கட்டர், சுத்தியல் என்று சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாகப் போனேன். தொழில் செய்கிற சாமானுக்குத்தான் பொட்டு. வெட்டப்போகிற சரக்குக்குக் கிடையாது. கை போன போக்கில் மெஷினுக்கும் வைத்துவிட்டேன். பின்னால் கற்பூரத் தட்டோடு வந்த அக்கா அதற்கும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் கவனித்தார்.

"டேய், இன்னாடா பண்ணி வெச்சிக்கீற?"

"தெரியாம வெச்சிட்டேன்க்கா."

"பொட்டு வெச்சத நாளைக்கு வெட்டுவியா நீ?"

"மாட்டேன்க்கா."

"நான் மட்டும் வெட்டச் சொல்வேனா? கற்பூரம் வேற காட்டிட்டேன்." முறைத்தவர் சட்டென்று சிரித்துவிட்டார். "போ, அந்த வாத்தியாருக்குப் போன் போடு. இன்னிக்கு அவருக்குத்தான் தீவாளி."

காலேஜ் ஒரு ஷெட் தந்தது. ஞாயிறுதோறும் வாத்தியாரும் நானும் துரு எடுத்தோம். ஒரு போல்ட்டைக் கழற்ற நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது. வெட்டினால் அரை நிமிஷம். ஆனாலும் எழுந்து வர மனம் வரவில்லை.

போன மாசம் நாலு பேர் சேர்ந்து அதன் உள்ளே சுற்றுகிற உருளையைக் கையால் தள்ளிவிட்டோம். முதலில் முனகியது. பிறகு சத்தமே இல்லாமல் தானாகச் சுற்றியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்க்க வந்திருந்த அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"சென்ட்ரலுக்கு ரெண்டு டிக்கெட் குடு சார். சில்லறை இல்ல."