இந்தியாவின் சார்பில் ஒரு நைட்டி

எனக்கும் என் மகளுக்கும் இடையே இருந்த தகராறுக்கு ஒரே காரணம் என் நைட்டிதான். ஆபீஸ் லாப்டாப்பை மூடிய கையோடு நான் நைட்டிக்கு மாறிவிடுவேன். பெல் அடித்தால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறப்பேன். ஈரோட்டில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான். துண்டு மேலே விழுந்துவிட்டால் நைட்டி கௌரவமான உடையாகிவிடும். பால்காரரிலிருந்து சம்பந்தி வரைக்கும் யாரை வேண்டுமானாலும் வரவேற்கலாம். அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் வளர்ந்த என் மகளுக்கு இந்தச் சட்டம் பிடிபடவே இல்லை.

மிடில் ஸ்கூல் போன பிறகு நிலைமை இன்னும் மோசமானது. சிநேகிதிகள் வருகிறார்கள் என்றால் என்னை மாடிப்படியிலேயே மறித்து, "அம்மா, ப்ளீஸ், கோ சேஞ்ச்" என்பாள். ஒருநாள் நான் சமையலறையில் துண்டும் கரண்டியுமாக நின்றுகொண்டிருக்கிறேன். வாசலில் ஒரு சிநேகிதியிடம், "மை மாம் இஸ் நாட் ஹோம்" என்கிறாள். சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஒரு நைட்டிக்காகப் பெற்றவளையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டாளே என்று அன்று பூராவும் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான் அவள் பள்ளிக்கூடத்தில் உலக நாடுகளின் ஃபேஷன் ஷோ வந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குடும்பம், மேடையில் ஒரு நடை. நாடுகளுக்கிடையே நட்பு வளர்ப்பதாக ஏற்பாடு. இங்கே இந்தியா என்றால் லெஹங்கா என்று அர்த்தம். கமிட்டியிலிருந்த டெல்லிக்காரப் பெண்மணியோடு மீட்டிங் மீட்டிங்காக மல்லுக்கட்டி, இந்த வருஷம் இந்தியா பட்டுச்சேலையில்தான் நடக்கும் என்று சம்மதம் வாங்கிவிட்டேன். நட்பை மற்றவர்கள் வளர்க்கட்டும். எனக்கு வேண்டியதெல்லாம், சிநேகிதிகள் நிறைந்த அரங்கில் என் மகள் ஒரு தடவையாவது என்னைப் பெருமையாகப் பார்க்கணும் என்பதுதான்.

ஒவ்வொரு நாட்டின் உடையைப் பற்றியும் அந்த வீட்டுப் பிள்ளைதான் மைக்கில் வாசிக்க வேண்டும். என் மகள் ஒப்புக்கொண்டாள். தாய்நாட்டுப் பாசமெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்தில் கட்டாயம் காட்ட வேண்டிய கம்யூனிட்டி சர்வீஸ் மணிநேரம் அவளுக்குக் குறைந்திருந்தது. நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கையால் நெய்த பட்டு, கோபுரக் கரை, அசல் சரிகை, மணப்பெண்கள் உடுத்துவது என்று ஒரு பக்கத்துக்கு அளந்துவிட்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் முன்வரிசையில் சில நாட்டுத் தூதரகங்களிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் கோட் போட்ட ஒருவர், உடைகள்தான் உண்மையான தூதர்கள், அவற்றுக்கு விசா தேவையில்லை என்று பேசினார். விசா ஸ்டாம்பிங்குக்குப் போய் ஊரிலேயே மாட்டிக்கொண்டு தவித்தவள் நான். பட்டுச்சேலைக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வகுப்பறையைத்தான் உடை மாற்ற ஒதுக்கியிருந்தார்கள். நம் கல்யாண மண்டபங்களில் செய்வதையே நானும் செய்தேன். நகை, மேக்கப், தலை நிறையப் பூ எல்லாம் முடித்துவிட்டு, பட்டு கசங்கக் கூடாதென்று அதைக் கடைசிக்கு வைத்தேன். அதுவரைக்கும் போட்டிருந்தது என் பழைய நைட்டி, ஊதாப் பூப்போட்டது, ஈரோட்டுச் சந்தையில் அக்கா வாங்கி அனுப்பியது. மேலே துண்டு. கழுத்துக்கு மேலே கல்யாணப் பொண்ணு, கழுத்துக்குக் கீழே காலை ஆறு மணி.

ஆங்கில அகரவரிசையில் எங்களுக்கு முன்னால் ஹங்கேரி இருந்தது. அவர்கள் முடிப்பதற்குள் கட்டிவிடலாம் என்று சாவகாசமாகச் சேலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஹங்கேரிக் குடும்பத்தில் எல்லோருக்கும் காய்ச்சல், வரவேயில்லை என்பது எனக்கெப்படித் தெரியும்? "இந்தியா! இந்தியா!" என்று கூப்பிட்டார்கள். அஞ்சு நிமிஷம் கேட்கலாமென்று மேடைப் பக்கம் ஓடினேன். அங்கே காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு அமெரிக்கப் பாட்டியம்மா நின்றிருந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பியூட்டிஃபுல்!" என்றார். முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

வெளிச்சத்தில் கண் கூசியது. என் மகள் காகிதத்திலிருந்து கண்ணெடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தாள். கையால் நெய்த பட்டு என்றாள். முன்வரிசையே மரியாதையோடு தலையாட்டியது. அசல் சரிகை என்றாள். விசா வேண்டாமென்றவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் துண்டில் சரிகையைத் தேடினார். பின்னாலிருந்த நம்மவர்கள் வரிசைகளில் ஒவ்வொருவராகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரும்பி ஓடினால் இன்னும் கேவலம். நடந்தேன்.

அந்தக் கிசுகிசுப்பில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசிப்பு நின்றுவிட்டது. அவளுடைய சிநேகிதிகள் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலாம் என்றிருந்தது.

அவள் காகிதத்தை மடித்தாள். "சாரி, இது பட்டு இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இதுக்குப் பேர் நைட்டி. அங்கே நிறையப் பேர் வீட்டில் இதைத்தான் போடுவாங்க. யாராவது வந்தால் மேலே அந்தத் துண்டு. துண்டு போட்டால் ஃபார்மல்."

அரங்கம் அதிர்ந்தது. கைதட்டலுக்கும் விசிலுக்கும் நடுவே நான் எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எல்லாம் விளக்கமாகச் சொன்னவள், மேடையில் நிற்பது தன் அம்மா என்று மட்டும் சொல்லவில்லை.

உடை மாற்றும் அறையில் எனக்காக ஒரு மாநாடே காத்திருந்தது. பிலிப்பைன்ஸ்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் இதற்கு டஸ்டர் என்று பேர், இதைப் போட்டுக்கொண்டு கடைக்கே போவோம் என்றாள். எகிப்துக்காரி நைட்டித் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, அசல் பருத்தியா, எங்கே கிடைக்கும் என்றாள். இரண்டு பேரிடமும் அதற்குமுன் ஹலோவுக்கு மேல் பேசியதில்லை. மற்ற நாளாக இருந்தால் அக்காவுக்கு அங்கேயே போன் போட்டு ஆர்டர் பிடித்திருப்பேன். அன்று ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வந்தாள். "எந்திரி, அம்மா. இந்தியாவுக்கு ரெண்டு டிரஸ்னு சொல்லிட்டேன். வியட்நாமுக்கு அப்புறம் மறுபடி யூ'ர் ஆன்" என்றாள். அந்த ஹெட்செட் பாட்டியம்மாவிடம் சண்டை போட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"நான் வரலை. உன் ஃப்ரெண்ட்ஸெல்லாம் பாத்துட்டாங்க. உனக்கு அசிங்கமா இல்லையா கண்ணு?"

"இட் வாஸ் ஸோ பேட், அம்மா," என்றாள். சொல்லும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "லைக், ஸோ பேட்."

கொசுவத்தின் கீழ்ப்பக்கத்தை அவளையே பிடிக்கச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, ஏதோ பேப்பர் மடிப்பதைப்போல நீவி நீவிப் பிடித்தாள். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. திட்ட வாயெடுத்தேன், திட்டவில்லை.

வியட்நாமுக்குப் பிறகு கோபுரக் கரை, அசல் சரிகை எல்லாவற்றோடும் நடந்தேன். நைட்டிக்கு விழுந்த கைதட்டலில் பாதிகூட இதற்கு விழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மகள் மைக்கின் முன்னால் நின்றாள், கையில் காகிதம் இல்லை.

"இந்தியா, அகெய்ன்," என்றாள். இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். "திஸ் இஸ் மை மாம். நைட்டியில் வந்ததும் மை மாம்தான்."