ஓவர்சியருக்குக் கொடுத்த உப்புத் தண்ணீர்

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். அடுப்பில் பால் வைத்தால், சூடேறும் முன்பே வழிந்துவிட்டதாக நினைத்து ஓடுவேன். அப்படிப்பட்ட என்னைப் பஞ்சாயத்தில் பெண் உறுப்பினராக உட்கார வைத்தார்கள். பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், வேறு காரணம் இல்லை. படித்ததும் ஐந்தாவது வரைதான். தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும் என்று அம்மா பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாமகிரிப்பேட்டைக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் கிணறும் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. ஆனால் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு மலைப்பக்கம் ஒரு மைல் நடந்து, தோட்டத்துக் கிணற்றில்தான் எடுத்துவர வேண்டும். நாலாவது படித்த என் மூத்த மகள் காலையில் இரண்டு நடை போய்வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். இப்படியே தாமதமானால் பெயரை அடித்துவிடுவேன் என்று வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு நடந்ததே அவளுக்கும் நடந்துவிடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஏரிக்கு மேற்கே புதுக் கிணறு வெட்டப் பணம் கேட்டு ஊராட்சி ஒன்றியத்துக்கு மனுப் போட்டோம். எந்த ஊர்த் தண்ணீர் குடிக்க லாயக்கில்லையோ, அந்த ஊருக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போக, பங்குனி வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓவர்சியர் வந்தார். எங்கள் பக்கத்துக்குப் புதியவர்.

வேர்த்து விறுவிறுத்து வந்தவருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எவ்வளவு இல்லாத வீடாக இருந்தாலும், வருகிறவர்களுக்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீர் மூடி வைத்திருப்போம். ஓவர்சியர் மூச்சு விடாமல் குடித்துவிட்டு ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி நெறைய நிக்குதே. ஊருக்கெல்லாம் இதுதானே?"

"ஆமாங்க," என்றார் தலைவர்.

"குடிக்க நல்லாத்தானே இருக்கு?"

"ஆமாங்க."

எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் பேசும்போது குறுக்கே பேசமாட்டோம். 'ஆமாங்க' போட்டுக்கொண்டே இருப்போம். நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. அந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? நோட்டில் எழுதினார், மூடினார், சைக்கிளைத் திருப்பினார். அதிகாரியை மனம் கோணாமல் அனுப்பிவைக்கிற திருப்தியில் தலைவர் கும்பிட்டபடி நின்றார்.

தண்ணீர் நல்லது என்றுதானே எழுதியிருப்பார்? ஓடிப்போய் ஊர்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, அதே சொம்பில் ஊற்றிக்கொண்டு சைக்கிளை மறித்தேன்.

"ஐயா, இதையும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

தலைவர் வீட்டம்மா பதறிவிட்டார். "ஏம்புள்ள, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஊருக்கு வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியக் குடுக்கறயே! மானமே போச்சு!"

"மானம் போனாப் போகுதுங்க அக்கா. மனு போயிருமுங்க."

ஓவர்சியர் ஒரு வாய் குடித்ததும் ரோட்டோரம் துப்பினார். "என்னம்மா, ஆளைக் கொல்லப் பாக்கறியா?"

"இதுதானுங்க ஊர்க் கெணத்துத் தண்ணி."

"அப்ப முதல்ல நான் குடிச்சது?"

"அது ஒரு மைல் சொமந்துட்டு வந்ததுங்க. வர்றவங்களுக்குன்னு வெச்சிருந்தது."

அவர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, ரெண்டு தடவை கேட்டேனே?"

"ஆமாங்க," என்றார் தலைவர்.

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஓவர்சியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நோட்டைத் திறந்து எழுதியதை அடித்துவிட்டு, புதிதாக எழுதினார். போகும்போது ஒரு பாட்டில் கேட்டார். ஒன்றியக் கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்க்கட்டும் என்றார். பழைய டானிக் பாட்டிலைக் கழுவி நிரப்பிக் கொடுத்தோம். அதில் டானிக் இனிப்பு ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்று அதற்கும் நாலு நாள் கவலைப்பட்டேன்.

ஆடியில் பணம் ஒதுக்கியதாகக் கடிதம் வந்தது. ஊர்ப் பங்காக மண் எடுக்கிற வேலையை நாங்களே செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்து வெட்டினோம். கிணறு முடிகிறவரை பொறுத்துக்கொள்வதாக வாத்தியாரும் சொல்லிவிட்டார். ஆனால் இங்கேயும் உப்பாகவே ஊறினால்? இன்னொரு தடவை யார் பணம் கொடுப்பார்கள்? கூடை மண்ணைக் கொட்டும்போதெல்லாம் மாதாவைக் கூப்பிட்டேன்.

ஊற்றுக் கண்ட அன்று முதல் வாளி செக்கச் சிவப்பாக மேலே வந்தது. தெளியட்டும் என்றார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? மண்ணோடு ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

"எப்படிப்புள்ள இருக்குது?" என்று உள்ளே நின்றவர்கள் கத்தினார்கள்.

நாக்கெல்லாம் மண். உப்பு இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அடுத்த வாளியை இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அந்த வாரமே என் மகள் மணி அடிக்குமுன் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழும்புகிறவரை யார் வீட்டுப் பிள்ளையாவது விழுந்துவிடுமோ என்று நான் போய்ப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறியிருந்தது.