நாலு மூலையில் நைனா

மீன் விற்கிறவளுக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், அப்புறமும் கொண்டுவந்தவன் முகத்தை ஒரு தரம் பார்ப்பேன். பழவேற்காடு மார்க்கெட்டில் பல வருஷம் உட்கார்ந்து வந்த புத்தி இது. கூடையைக் கழுவிக் கவிழ்த்தாலும் புத்தி மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். அதனால்தான், தங்கச்சி கல்யாணத்துக்கு நாம ரெண்டு பேரும் கையால் ஒரு ஆல்பம் செய்து கொடுக்கலாம் என்று அண்ணி கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவளுக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் யோசித்தேன்.

யோசிக்கக் காரணம் இருந்தது. நாங்கள் நைனா என்று கூப்பிட்ட அப்பாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். கோட்டைக்குப்பம் கரையில் படகை ஒட்டி நிற்கிறார், தோளில் நாலு வயசுத் தங்கச்சி. அதற்கு அடுத்த வருஷம், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டார். எனக்கு அவருடைய இருமல் சத்தம்கூட நினைவிருக்கிறது. தங்கச்சிக்கு அந்தப் படம்தான் நைனா. நிச்சயதார்த்தம் முடிந்த அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அந்தப் படத்தப் பாக்கலன்னா நைனா மூஞ்சியே எனக்கு ஞாபகம் வராதுக்கா" என்றாள். அவள் வாழப்போகிற ஊர் திருப்பூர். படம் அவளோடு போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அது இருந்தது அண்ணன் வீட்டு பீரோவில், சாவி இருந்தது அண்ணியின் இடுப்பில்.

ஆல்பம் வாங்கப் பொன்னேரிக்கு பஸ்ஸில் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது மேலே பிளாஸ்டிக் தாளும் கீழே பசையும் உள்ள ஆல்பம். கவரோடு நீட்டினார். ஐஸ் போட்டு மூடிய மீனை நான் வாங்குவதில்லை, கவரைப் பிரிக்கச் சொன்னேன். பிரித்துப் பக்கத்தை மோந்தால் பெயின்ட் வாடை. கட்டை விரலால் அழுத்தினால் விரலோடு தாளும் எழுந்து வந்தது. இப்படிப் பிடிக்கிற பசை படத்தைத் திரும்ப விடுமா என்று கேட்டேன். அவர் அடுத்ததை எடுத்தார். இதய வடிவத்தில் ஒன்று, பாட்டுப் பாடுகிற ஒன்று, மினுமினுப்பு கொட்டுகிற ஒன்று. எல்லாவற்றையும் மோந்தேன். அண்ணி எனக்குத் தெரியாதவள் மாதிரி தள்ளி நின்றாள்.

கடைசியில் கெட்டியான கறுப்புத் தாள் வைத்து, ரிப்பனால் முதுகு கட்டிய ஆல்பம் ஒன்று கிடைத்தது. வாடை இல்லை, வளைத்தால் மடங்கவில்லை. கலர் பேப்பர், வெள்ளை மையில் எழுதுகிற பேனா, சின்னச் சங்கு ஸ்டிக்கர் எல்லாம் எடுத்தோம். சங்கைக் காசு கொடுத்து வாங்குகிற முதல் பழவேற்காட்டுக்காரி நானாகத்தான் இருப்பேன். கோந்து டப்பாவை நான் கையில் எடுத்தபோதுதான் அண்ணி வாயைத் திறந்தாள்.

"கோந்து வேணாம். மூலைல சொருவற மாதிரி காயிதம் விக்கிறாங்களே, அத்த வாங்கு."

கடைக்காரர் உடனே தலையாட்டினார். உப்புக் காற்றில் கோந்து நிற்காது, போட்டோ கார்னர்தான் நல்லது என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடியதில் எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது. இவள் முன்னாலேயே வந்து பேசி வைத்திருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். ஆனாலும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஒரு கட்டுப் படம் கொடுத்தாள். நைனா படம் அதில் இல்லை. கேட்டால் நாளைக்கு என்றாள். மறுநாள் சாவி கிடைக்கவில்லையாம். அதற்கு மறுநாள் படம் ஸ்டூடியோவில் இருக்கிறதாம். பீரோவில் இருக்கிற படத்துக்கு ஸ்டூடியோவில் என்ன வேலை? தொலைத்துவிட்டாள் என்று ஒரு நாள் நினைத்தேன். பெரிதாக ஃபிரேம் போட்டு மேடையில் தன் பெயரில் கொடுத்து நல்ல பேர் வாங்கப் போகிறாள் என்று இன்னொரு நாள் நினைத்தேன். அண்ணனிடம் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, உங்கள் ரெண்டு பேர் சண்டைக்கு நான் வரவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியே வந்து ஒரு கவரை நீட்டினாள். உள்ளே நைனா. படம் பளபளவென்று இருந்தது. பரவாயில்லை, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள் என்று அவளைப் பற்றி முதன்முறையாக ஒரு நல்ல வார்த்தை நினைத்தேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் உப்பு ஏரித் தண்ணீர் பட்ட எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வைக்க மாட்டோம். வலையாகட்டும், படகு என்ஜினாகட்டும், உப்பு இருந்தால் தின்றுவிடும். ஒரு மழைக்காலத்தில் ஏரி வீட்டுக்குள் வந்தபோது பழைய படமெல்லாம் நனைந்துவிட்டது. இன்னும் அவற்றின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எனவே பெரிய தட்டில் நல்ல தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாக அலசினேன். அம்மா பளிச்சென்று வந்தாள். அண்ணன் மொட்டைத் தலையோடு பளிச்சென்று வந்தார். அந்த வரிசையிலேயே நைனாவையும் போட்டேன்.

தண்ணீர் நீலமாகியது. எடுக்கக் கை போவதற்குள் படகு கரைந்துவிட்டது. எடுத்தபோது நைனாவின் முகம் இருந்த இடத்தில் ரோஸ் கலரில் ஒரு தீற்றல், தங்கச்சியின் கால் மட்டும் மிச்சம். முகத்துவாரம் ஒரு தரம் கொண்டுபோனது, இப்போது நான் ஒரு தட்டுத் தண்ணீரில் கொண்டுபோய்விட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாள் கடைக்காரர், அண்ணி, கோந்து என்று எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். என் கையைப் பற்றி ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை.

மறைக்கலாமா என்று தோன்றியது உண்மை. கவரில் இருந்ததே இப்படித்தான் என்று சொன்னால் அண்ணி மேல் பழி போய்விடும். அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கப்பட்டு, ஈரப் படத்தோடு அவள் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்றபடியே நீட்டினேன்.

அண்ணி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கழுவினியா?"

தலையாட்டினேன்.

"தெரியும். இது ஸ்டூடியோல மைல அடிச்ச காப்பி. நீ கழுவுவனு தெரிஞ்சிதான் நெசப் படத்தக் குடுக்கல."

பீரோவைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்ததை எடுத்தாள். கொஞ்சம் மங்கல், ஒரு மூலை மடிந்திருந்தது, முகம் முழுசாக இருந்தது. தங்கச்சி நினைத்தபோது வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும், அதனால்தான் கோந்து வேண்டாம் என்று சொன்னதாகவும் அப்போது சொன்னாள். என்மேல் அவளுக்கு இருந்த சந்தேகம்தான் நைனாவைக் காப்பாற்றியது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனாலும் பழக்கம் விடவில்லை, படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பழைய ஸ்டூடியோ முத்திரை. அண்ணி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் என் பக்கத்தில் உட்கார, கறுப்புத் தாளில் நாலு மூலையையும் குறித்துக் கார்னர் ஒட்டினேன். படத்தைச் சொருகும் முன், கையைத் துடைத்தாயா என்று கேட்டாள். துடைத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள். நான் விரலை விரித்துக் காட்டினேன்.