நாலு நாற்பதுக்குத் தட்டியவள்

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்ததில் அது ஒன்றும் இல்லை. எல்லாம் சாயங்காலம் நாலு நாற்பதுக்கு நடந்தது. வெளிச்சம் இருந்தது. "துஷாந்த் கசிப்பு போட்டுட்டு உளர்றான்" என்று எங்கள் லயத்திலேயே இரண்டு பேர் சொல்லித் திரிகிறார்கள். என் பெண்சாதி செத்த நாளிலிருந்து நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். இது நடந்தது.

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில்தான் எங்கள் லயம், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். பெயர் வேண்டாம். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். வயதான தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி மொட்டையாக்குகிற வேலை. என் பெண்சாதி ஜீவராணி கொழுந்து எடுத்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, சுலக்ஷனா. ஐந்து வயது.

கொழுந்து எடுக்கும் பெண்களிடம் மட்டக்கம்பு என்று ஒரு கம்பு இருக்கும். செடிக்கு மேலே அதைப் படுக்க வைத்து, மட்டம் பார்த்துப் பறிப்பார்கள். ராணிக்கு அந்தக் கம்பால் இன்னொரு வேலையும் உண்டு. செடிக்குள் கை விடுவதற்கு முன்னால் மூன்று தட்டு தட்டுவாள். தட்... தட்... தட். பாம்போ குளவியோ, இருந்தால் போகட்டும் என்று. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்ன மரக்கறித் தோட்டம். அங்கே கால் வைக்கும்போதும் தட்டுவாள். "பாம்புக்கெல்லாம் பெரட்டு வைக்கிறியா? பேரு கூப்பிடு, வந்து வரிசையா நிக்கட்டும்" என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். ஆனால் தட்டாமல் போகமாட்டாள்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்றில் போஞ்சிக் கொடி சாய்ந்துவிட்டது. ஊன்றுவதற்கு ஒரு கம்பு குறைந்தது. கதவு மூலையில் ராணியின் மட்டக்கம்பு இருந்தது. லீவு நாள்தானே, நாளைக் காலையில் பிடுங்கிக் கொடுத்தால் போச்சு என்று அதை எடுத்து ஊன்றிவிட்டேன்.

சாயங்காலம் கறிக்குப் போஞ்சி பறிக்கக் கிளம்பினாள்.

"என் கம்பு எங்கங்க?"

"போஞ்சிக்கு ஊனியிருக்கேன். பத்து போஞ்சி பறிக்கிறதுக்குக் கம்பு எதுக்கு? போ."

நான் அவளிடம் உருப்படியாகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அவள் அலறியபோது மணி பார்த்தேன். நாலு நாற்பது. நல்லபாம்பு. லொறியில் என் மடியில் படுத்திருந்தாள். கண் இமை தானாக இறங்கிக்கொண்டே வந்தது. நோர்வூட் பாலத்தைத் தாண்டும்போது நான் மடியில் வைத்திருந்தது வெறும் உடம்பு.

அந்தப் பாம்பை நான் எட்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. என்னை நானே மன்னிக்கவும் இல்லை. எனக்கு மிச்சம் இருந்தது பிள்ளை மட்டும்தான். அவளுக்கு ஒரு எறும்பு கடித்தாலும் எனக்கு உயிர் போனது.

ஆறு மாதம் போனது. சித்திரையில் எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் மலையைக் கவ்வாத்து வெட்டினோம். செடி மொட்டையானால் பாம்புகளுக்கு நிழல் இல்லை. கீழே வீட்டுத் தோட்டங்களுக்குத்தான் இறங்கும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படித் தெரிந்தும், வெட்டிய கட்டைகளை விறகுக்காக வீட்டுக்குத்தான் தூக்கி வருவோம். கேஸ் விற்கிற விலைக்கு வேறு வழி கிடையாது. நானும் தோட்டத்தின் ஒரு மூலையில், தகர வேலியோடு சேர்த்து, ஆள் உயரத்துக்கு அடுக்கினேன். பிள்ளைக்கு அந்த இடம் பிடித்துப்போனது. சிரட்டைகளை வைத்து அங்கேதான் சோறாக்கி விளையாடுவாள்.

முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. நான் லீக்ஸ் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மூடுபனி இறங்கியது. அப்போது கேட்டது.

தட்... தட்... தட்.

எதிர் மூலையில், தண்ணீர் விழும் பீலிப் பக்கம், தாழ்வான குச்சி வேலிக்கு அந்தாண்டை. யாரோ கொழுந்து எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தேன்.

பிறகுதான் உறைத்தது. அது இலை அடர்ந்த செடியில் கம்பு படுகிற மெத்தென்ற சத்தம். அந்த மலையில் இலையே கிடையாது. நானே வெட்டினேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் கட்டைதான் நின்றது.

போனைப் பார்த்தேன். 4:40.

பிள்ளை சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பீலிப் பக்கம் நடந்தாள்.

"எங்க போற?"

"அம்மா தட்டுறாங்கப்பா."

சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. ஆறு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். சத்தம் நின்றுவிட்டது.

செவ்வாயும் கேட்டது. புதனும் கேட்டது. அதே மூலை, அதே நேரம். ஒவ்வொரு நாளும் பிள்ளை சிரட்டையைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். வேலி வரை போனாள். அடுத்த நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேய்க்குப் பயந்தவன் இல்லை. பேய் வந்தாலும் எங்கள் கணக்கப்பிள்ளை அதற்கும் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் போடுவார் என்று கேலி பேசியவன். இப்போது நாலரை மணி ஆனாலே போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை முகம் கழுவ உள்ளே போனேன். இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்தால் பிள்ளை இல்லை.

வேலியைத் தாண்டியிருந்தாள்.

மூடுபனிக்குள், மொட்டைச் செடிகளுக்கு நடுவே, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது... யாரோ மெல்ல இழுத்துப் பிடித்திருப்பது போல.

கிட்டே போனேன்.

காலையில் நான் அவள் முடியை ஒரு ரப்பர் பேண்டில் கட்டி விட்டிருந்தேன். எனக்குப் பின்னத் தெரியாது.

இப்போது அது இரட்டைப் பின்னல்.

பக்கத்து வீட்டு மீனம்மாவிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ராணியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள் அவள். பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"இது ராணி பின்னுற பின்னல்தாண்ணே."

"என்ன செய்யிறது?"

"புள்ளைய கூட்டிட்டுப் போகத்தான் வர்றா. பெத்தவளுக்கு விட்டுட்டு இருக்க முடியுமா? இன்னைக்கு வேலிய தாண்டிருச்சு. நாளைக்கு...? கட்டிப்புடுங்கண்ணே."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேல்கணக்குப் பிரிவிலிருந்து, பேய் ஓட்டுகிற கோடாங்கி செல்லசாமி உடுக்கோடு வந்தார். நாலு இரும்பு ஆணி, எலுமிச்சம்பழம், சூடம். தோட்டத்தின் நாலு மூலையிலும் ஆணி இறக்கினால் எல்லைக்கட்டு. அதற்கு மேல் உள்ளே வர முடியாது. மூன்று ஆணி இறங்கியது. நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் சொன்னா அது கேக்காது. தாலி கட்டுன நீங்கதான் சொல்லணும். பேரச் சொல்லி, வராதேன்னு மூணு தரம். நல்லா யோசிச்சுக்கங்க. கட்டுனா கட்டுனதுதான்."

பிள்ளையை மீனம்மா இறுக்கிப் பிடித்திருந்தாள். மணி 4:40.

தட்... தட்... தட்.

"ராணி, வராதே."

சத்தம் நின்றது. பிறகு இன்னும் கிட்டத்தில் கேட்டது. வேகமாக. தட்தட்தட்.

"ராணி... வராதே."

இப்போது மெதுவாக. ஒவ்வொன்றாக.

தட்...

தட்...

பிள்ளை "அம்மா" என்று வீறிட்டாள். ஆனாலும் சொன்னேன்.

"வராதே, ராணி."

மூன்றாவது தட்டு வரவில்லை.

செல்லசாமி ஆணியை இறக்கினார். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் நல்லது நடந்துவிட்டது என்றார்கள். நான் வீட்டுக்குள் போய் அவள் சேலையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். கம்பைப் பிடுங்கி அவளை ஒரு முறை கொன்றேன். இது இரண்டாவது முறை என்று தோன்றியது. ஆனால் பிள்ளை பிழைத்தாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழு நாள் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை எழுந்து எங்கேயும் போகவில்லை. விறகு மூலையிலேயே உட்கார்ந்து விளையாடினாள்.

எட்டாம் நாள் சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். மூன்று மணியிலிருந்து பின்வாசல்படியில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஐந்தே எட்டு வைக்கிற தூரத்தில், விறகுக்குப் பக்கத்தில். சிரட்டையில் மண் சோறு. அவ்வளவு அமைதி. கத்தியை நிறுத்தினால் அவள் தனக்குள் முணுமுணுப்பதுகூடக் கேட்டது.

"அப்பா."

ஒரே வார்த்தைதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நிமிர்ந்தேன்.

விறகு அடுக்கிலிருந்து அது பாதி வெளியே வந்திருந்தது. படம் விரித்திருந்தது. பிள்ளையின் கணுக்காலில்... இரண்டு பொட்டு ரத்தம்.

மணி 4:40.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இந்த முறை த்ரீவீலர் உடனே கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. ஆறு நாள் குழாய் போட்டு மூச்சு விட வைத்தார்கள். ஏழாம் நாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். டொக்டர் காலைக் கும்பிட்டேன்.

அந்த ஆறு நாளும் வார்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒன்றையே நினைத்தேன். பீலி மூலை எங்கே, விறகு மூலை எங்கே? ஒன்றுக்கொன்று நேர் எதிர். தோட்டத்தில் விறகுக்கு அதைவிடத் தூரமான இடம் கிடையாது. ராணி பிள்ளையைத் தன்னிடம் கூப்பிடவில்லை. தினமும் நாலு நாற்பதுக்கு அவளை அந்த விறகிலிருந்து எழுப்பிக்கொண்டு போயிருக்கிறாள். நான் கண்ணிருந்தும் குருடன்.

ஆஸ்பத்திரியிலிருந்தே செல்லசாமிக்கு கோல் எடுத்தேன். கட்டை அவிழ்க்கச் சொன்னேன்.

"ஆணியப் புடுங்கலாம் தம்பி. நீங்க சொன்ன சொல்ல நான் எப்புடிப் புடுங்குறது?"

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நாலு ஆணியையும் நானே பிடுங்கி எறிந்தேன். நாலு நாற்பதுக்குப் பீலிப் பக்கம் போய் நின்றேன். "ராணி, வா. தெரியாமச் சொல்லிட்டேன், வா" என்று கூப்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் மீனம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். அன்னைக்கு நீங்க தகரத்துக்கு ஆணி அடிச்சீங்களா?"

"என்னைக்கு?"

"புள்ளைய கடிச்ச அன்னைக்கு. மூனரை மணிக்கே ஆரம்பிச்சிருச்சு. ஒங்க தகர வேலியில அடிக்கிற சத்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல, விடாம... லயத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு. நீங்கதான் வேலி அடிக்கிறீங்கன்னு நெனச்சு நாங்க யாரும் எட்டிப் பாக்கல."

நான் அந்த நேரம் பூராவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கத்தியைத் தீட்டிக்கொண்டு. தகரத்திலிருந்து ஆறு எட்டு வைக்கிற தூரம்.

சுற்றிக்கொண்டு வேலிக்கு வெளியே போனேன். உள்ளே இருந்து பார்த்தால் விறகு மறைத்துக்கொண்டிருக்கும். வெளியே தகரம் முழுவதும் பள்ளம். மூன்று மூன்றாக, கம்பு பட்ட தழும்பு. பிள்ளை உட்கார்ந்து விளையாடிய இடத்துக்கு நேரே தகரம் கிழிந்தே போயிருந்தது. அதற்குக் கீழே கம்பின் தழும்பு இல்லை. அங்கே கையால் அடித்த பள்ளங்கள்.

ஐந்து விரலும் பதிந்திருந்த ஒரு பள்ளத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கை பெரிது. அதில் அடங்கவில்லை.

லயம் பூராவும் கேட்ட சத்தம், கட்டுக்குள் இருந்த எனக்கும் பிள்ளைக்கும் மட்டும் கேட்கவில்லை. வராதே என்று சொன்னவன் நான்தானே.