இருவருக்கும் சேர்த்து நூற்றைம்பது

லிஃப்டுக்குள் ஏறுகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, பாதத்தைத்தான் பார்ப்பார். முதல் கால் உள்ளே பட்டதும் லிஃப்ட் ஒரு மயிரிழை இறங்கும். அது நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். "அறுபத்திரண்டு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அடுத்தவர் ஏறினால், "எழுபத்தெட்டு, பையோட எண்பது." இப்படியே கூட்டிக்கொண்டு வருவார். அளவு மீறி மணி அடித்தால், கடைசியாக ஏறியவர் செல்போனைப் பார்த்தபடி மரம் மாதிரி நிற்பார். இவர்தான் வெளியே வந்து, "நீங்க போங்க, நான் படியில வர்றேன்" என்பார். முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கட்டடத்தில் அதிகமாகப் படி ஏறுகிறவரும் அவரே.

என் சின்ன அண்ணன் மகளைக் கட்டியவர். எனக்கு மாப்பிள்ளை முறை. ஒரே கட்டடத்தில் நான் மூன்றாம் மாடி, அவர்கள் ஏழாம் மாடி. அவருடைய அப்பா வழியில் ஆண்கள் எல்லாருக்கும் கனத்த உடம்பு. பெரியப்பா ஒருவர் இருந்தார். அவர் எழுந்தால் நாற்காலியும் இடுப்போடு எழுந்து வரும். பெரியம்மா பின்னாலேயே ஓடிவந்து அதைப் பிடுங்கி விடுவாள். அம்மா வழியிலோ எல்லாரும் காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்கிற ரகம். மாப்பிள்ளை எலும்புக்கு அம்மாவையும் சதைக்கு அப்பாவையும் கொண்டு பிறந்துவிட்டார்.

இடுப்பு வாரில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். மோட்டார் அறை, மேல் கதவு, கீழ்க் குழி என்று பத்துப் பதினைந்து சாவிகள். குளிக்கும்போது குழாயில் தொங்கும், தூங்கும்போது தலையணைக்கு அடியில் போகும். "எனக்கு முன்னாடியே கட்டிக்கிட்டது அது" என்பாள் அவர் மனைவி. கூட வேலை செய்யும், லிஃப்டின் கம்பி வடங்களைப் பார்த்துக்கொள்கிற கேபிள்காரர், "ஒரு ஞாயித்துக்கிழமையாவது எங்கிட்ட குடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "எவனாவது ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா?" என்பார் இவர்.

ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டப் போகும்போதும் அந்தக் கொத்து கூடவே போகும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழு அது. மலைமேல் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, அதுவரை மிதித்து ஏறித் திரும்புவார்கள். எல்லாருக்கும் வேறு வேறு பிழைப்பு, ஆனால் வாயைத் திறந்தால் எடையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் சைக்கிளின் திருகாணிகளை எல்லாம் கழற்றி லேசான உலோகத்தில் மாற்றினார். இருக்கைக் கம்பியில் துளை போட்டார். ஒட்டியிருந்த பெயர்த்தாளைக்கூட உரித்துவிட்டு, "நாலு கிராம் போச்சு" என்றார். மாப்பிள்ளை அவர் வயிற்றைப் பார்த்து, "டாக்டர், அங்க ஒரு துளை போட்டா எட்டு கிலோ போகுமே" என்று கேட்டார். டாக்டர் விடுவாரா? "நீங்க மொதல்ல அந்தச் சாவிக்கொத்தக் கழட்டுங்க, ஓவர்லோடு." குழுவில் மாப்பிள்ளைக்கு அதுதான் பெயர்.

அந்தக் குழுவில் முதலில் சேர்ந்தது இவரில்லை, என் அண்ணன் மகள். அண்ணனுக்கு நான்கு பெண்கள். மூன்று பேர் அழுது காரியம் சாதிப்பார்கள், இவள் மட்டும் எதையும் மிதித்துச் சாதிப்பவள். மலை ஏற்றத்தில் ஆண்களைத் தாண்டிப் போகும்போது, "என்ன, காத்து வாங்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் பின்னால் மூச்சிரைக்கப் போய்ப் போய்த்தான் மாப்பிள்ளை சைக்கிள்காரர் ஆனார்.

போன வருஷம் அவள் நின்றிருந்த ஒரு வேன் மேல் போய் மோதினாள். முழங்கையில் எலும்பு விரிசல் விட்டது. பெரிய நீல வேன். "பாக்கலியாம்மா?" என்று கேட்டேன். "வேன் அங்கதான் நின்னுச்சு சித்தப்பா, எனக்குத் தெரியற எடத்துல நிக்கல" என்றாள். கண்ணில் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். குழாய் வழியே பார்ப்பது போல நேராக உள்ளது மட்டும் தெரியும், அதுவும் தடித்த கண்ணாடி போட்டால்தான். இந்த வருஷக் கடைசிக்குள் அந்தக் குழாயும் அடைபடலாம், சொல்வதற்கில்லை என்றார் கண் டாக்டர். மருந்துக்கடை வேலை போனது, லேபிள் படிக்க முடியவில்லை. சைக்கிளும் போனது. வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எதற்கும் அழவில்லை. ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "அந்த மலை உச்சியில நின்னா தண்ணி நேரா முன்னாடி இருக்கும் சித்தப்பா. தலையத் திருப்ப வேண்டாம். எனக்குத் தெரியற எடத்துலயே இருக்கும். ஒரு தடவ மிதிச்சு ஏறிப் போய்ப் பாத்துட்டா போதும்." காரில் கூட்டிப் போகிறேன் என்றதற்கு, "கார்ல போறதுக்கு நான் என்ன மூட்டையா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை அன்றிலிருந்து தேட ஆரம்பித்து, சைக்கிள் கடை உத்தரத்தில் தொங்கிய ஒரு பழைய ரெட்டைச் சைக்கிளைக் கண்டுபிடித்தார். முன்னே ஒருவர், பின்னே ஒருவர், இருவரும் மிதிக்கலாம். இறக்கித் துடைத்து, கண்டிப்பான வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பாகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். பின் இருக்கைக்குக் கீழே சின்னத் தகடு. ஏறுகிறவர்கள் எடை, அதிகபட்சம் நூற்றைம்பது கிலோ. அவர் தொண்ணூறு, அவள் அறுபத்தாறு.

"அது சும்மா போடறது சார். இருநூறு ஏத்தினாலும் தாங்கும்" என்றார் கடைக்காரர்.

"போட்டவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா? ஏறும்போது ஒண்ணுமில்ல. மலையில எறங்கும்போது பிரேக்குக்கு யாரு பதில் சொல்றது?"

"ஆறு கிலோ கூடினா என்ன சார் ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் எல்லாரும் ஏறுறாங்க. நான் போய் அவங்கள வெளிய இழுக்கறேன்."

கணக்குச் சரியாகும்வரை சைக்கிள் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். மனைவியிடம், "ஆறும் என் பொறுப்பு. நீ சாப்பிடறத சாப்பிடு" என்றார்.

பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே. காலையில் வெள்ளரிக்காய், மதியம் வெள்ளரிக்காய், மாலையில் அதே வெள்ளரிக்காயை வேறு மாதிரி நறுக்கி. சைக்கிளில் ஐம்பது கிலோமீட்டர் போய்வந்து நனைந்த கோழி மாதிரி எடை மெஷினில் ஏறி, "ரெண்டு கிலோ போச்சு!" என்று கத்துவார். அவள் அவருடைய ஈரச் சட்டையை விரல் நுனியால் தூக்கி, "எங்கயும் போகல, இதுலதான் இருக்கு" என்பாள். ரெண்டு செம்பு தண்ணீர் குடித்ததும் போன கிலோ வீடு திரும்பிவிடும். மனிதர் சளைக்கவில்லை. வேலைக்குப் போன இடத்திலும் படியிலேயே ஏறினார். யாராவது கேக் நீட்டினால் வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை தோறும் குளியலறை வாசலில் எடை பார்ப்பார்கள். முதலில் அவர், பிறகு அவள். அவளால் எண்ணைப் படிக்க முடியாது. நிமிர்ந்து நின்றால் தெரியாது, குனிந்து தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மெஷின் விளக்கு அணைந்துவிடும். அவர்தான் படிப்பார். "அறுபத்தாறு. அப்படியே இருக்க."

"பாவாடை இடுப்பப் பிடிக்குதே?"

"தொவைச்சதுல சுருங்கியிருக்கும்."

மூன்று மாதத்தில் அவர் எண்பத்துநாலுக்கு வந்துவிட்டார். எண்பத்துநாலும் அறுபத்தாறும் நூற்றைம்பது. சைக்கிளை எடுத்துவர வேண்டியதுதானே? எடுக்கவில்லை. வெள்ளரிக்காயும் நிற்கவில்லை, சொல்லப்போனால் அதுவும் பாதியாகிவிட்டது. "கணக்குதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குப் பட்டினி?" என்று அவள் கேட்டால், "ஒரு சேஃப்டிக்கு" என்பார். கன்னம் ஒட்டிப்போய், அவருடைய தாய்மாமன் மாதிரியே ஆகிவிட்டார். இடுப்பு வாரில் புதிதாக ரெண்டு துளை. சாவிக்கொத்து மட்டும் அதே இடத்தில்.

ஒரு நாள் மதியம் கேபிள்காரர் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மோட்டார் அறை ஏணியில் இறங்கும்போது கண் இருட்டிக் கை விட்டுவிட்டதாம். மூன்று படிதான். "நல்ல வேளை அண்ணி, நாலு அடி தள்ளி விழுந்திருந்தா கீழ குழி. பதினோரு மாடி" என்றார். அவள் சோற்றைப் பிசைந்து தட்டை அவர் மடியில் வைத்தாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே மூன்றாம் மாடிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, கொஞ்சம் வாங்க. ஒரு நம்பர் படிக்கணும்."

குளியலறை வாசலில் மெஷின்மேல் ஏறி நின்றாள். நான் உட்கார்ந்து பார்த்தேன்.

"எவ்வளவு?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தட்டும் கையுமாக உட்கார்ந்தபடி வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அங்க என்ன பார்வை? எனக்குக் கண்ணுதான் தெரியாது, சித்தப்பா படிக்காம நிக்கறது தெரியும்."

"அறுபத்தொம்போது" என்றேன்.

வீட்டோடு உட்கார்ந்ததில் அவளுக்கு மூன்று கிலோ ஏறியிருக்கிறது. திங்கள் தோறும் அதைப் பார்த்து, வாயால் அறுபத்தாறு என்று சொல்லிவிட்டு, அந்த மூன்றையும் தன் உடம்பிலேயே கழிக்கப் பார்த்திருக்கிறார் மனிதர்.

"என் மூணு கிலோவ உங்க வயித்துல தேடினீங்களா?" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் கை ஓங்கியிருந்தது. "நீங்க குழியில விழுந்துட்டா என்னை யாரு மலைக்குக் கூட்டிட்டுப் போவா? அந்தப் பல் டாக்டரா?"

"மணி அடிச்சா ஏறின ஆளப் பாத்து எறங்குன்னு நான் சொன்னதில்ல" என்றார் அவர், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

"யாரும் சொல்ல வேண்டாம். இனிமே நான் படியில வர்றேன்."

சொன்னபடியே செய்தாள். மறுநாளிலிருந்து ஏழு மாடியும் படிதான். கைப்பிடியில் ஒரு கை, எண்ணிக்கொண்டே ஏறுவாள். மொத்தம் நூற்று இருபத்தாறு படி. லிஃப்டுக்காரர் பெண்டாட்டி லிஃப்டில் ஏறுவதில்லை என்று கட்டடமே சிரித்தது. "லிஃப்ட் கெட்டுப் போச்சாம்மா?" என்று ஐந்தாம் மாடிக்காரி கேட்டதற்கு, "லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு, பாவாடைதான் சுருங்கிப் போச்சு" என்றாள். அவருக்கு வேளாவேளைக்குச் சோறு. ஒரு கிலோ அவருக்கு ஏறியது, ரெண்டு கிலோ அவளுக்கு இறங்கியது. திங்கட்கிழமை எண் படிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. கண் டாக்டரிடம் இன்னொரு முறை போய்வந்தாள். குழாய் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

போன ஞாயிறு காலை எல்லாரும் சைக்கிள் கடை முன்னால் கூடியிருந்தார்கள். கடையில் பார்சல் நிறுக்கிற மேடைத் தராசு ஒன்று உண்டு. எப்படிச் சைக்கிளில் ஏறுவார்களோ அப்படியே, செருப்பும் தலைக்கவசமுமாக, இருவரும் அதன்மேல் ஒட்டி நின்றார்கள். கடைக்காரர் எண்ணைப் பார்த்தார். நூற்றைம்பதுக்கு மேல் முந்நூறு கிராம்.

"முந்நூறு கிராம்தானே, ஓவர்லோடு! ஒரு தும்மல் போட்டா போயிடும்" என்றார் பல் டாக்டர்.

"நான் நூத்தம்பதுன்னே படிக்கறேன் சார், யாரு கேக்கப் போறா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம்ணே" என்றாள் அண்ணன் மகள். "எனக்குப் பொய்யாப் படிக்க ஒரு ஆளு போதும்."

எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் கண் சைக்கிளின் தகட்டுக்கும் தராசின் எண்ணுக்கும் போய்ப் போய் வந்தது. மணி அடித்தாற்போல அவருடைய ஒரு கால் தானாகவே தராசை விட்டு இறங்கப் பார்த்தது. அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றினாள். தடித்த கண்ணாடி, கொஞ்சம் கனம் இருக்கும். மடக்கி, நான் நிற்கிற திசையைக் குத்துமதிப்பாகக் கணக்குப் பண்ணி என் பக்கம் நீட்டினாள்.

நான் வாங்குவதற்குள் அவர் வாங்கிக்கொண்டார். சட்டை நுனியால் ரெண்டு வில்லையையும் துடைத்தார். அவள் முகத்தில் மாட்டி, தலைக்கவசத்தின் வாருக்குள் விரலை விட்டு ஒவ்வொரு காதாகச் சரி செய்தார். பிறகு இடுப்பில் கை வைத்து, சாவிக்கொத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.